ஒளி ஊடுருவும் மரக்கிண்ணம்: பச்சை மரமா, காய்ந்த மரமா?

கிண்ணம் கடையக் கைவந்த பிறகு பலருக்கும் வரும் ஆசை இது: சுவரை இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே இழைத்து, வெளிச்சம் மரத்துக்குள் புகுந்து மறுபக்கம் வர வைக்க வேண்டும். அப்படிக் கடைந்த கிண்ணத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தால் சுவர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். கணு இருக்கும் இடங்கள் மட்டும் ரத்தச் சிவப்பாகத் தெரியும். ஹவாயில் வாழ்ந்த ரான் கென்ட் இந்த மாதிரிக் கிண்ணங்களால்தான் பெயர் பெற்றார். ஹொனலுலுவில் பங்குத் தரகராக வேலை பார்த்தவர் அவர்.

இதைச் செய்யக் கிளம்பினால் வரிசையாகக் கேள்விகள் வரும். எந்த மரம்? ஈரத்தோடு கடைவதா, காயவைத்துக் கடைவதா? ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும்? தடிமனை எப்படி அளப்பது? கடைசியில் எண்ணெயா, வார்னிஷா? பெரும்பாலும் மரத்தின் பெயரிலிருந்துதான் பேச்சு தொடங்கும். நான் முதலில் வைப்பது ஈரமா, காய்ந்ததா என்ற கேள்வியை. அதில் எடுக்கும் முடிவுதான் உளி பிடிக்கும் முறையையும், அளக்கும் முறையையும், வேலைக்கு ஒதுக்க வேண்டிய நேரத்தையும் தீர்மானிக்கிறது. என் ஓட்டு பச்சை மரத்துக்கு, அதாவது வெட்டியபின் ஈரம் போகாத மரத்துக்கு. காய்ந்த மரத்தை விட்டால் வேறு வழியே இல்லாத வேலைகளும் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிச்சம் எப்படிப் போகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மரம் என்பது நெருக்கமாக அடுக்கிய மிக நுண்ணிய குழாய்கள். காய்ந்த மரத்தில் அந்தக் குழாய்களுக்குள் காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. குழாயின் சுவர்ப் பொருளுக்கு அது ஏறக்குறைய 1.5. ஒவ்வொரு குழாயின் ஓரத்திலும் இந்த வித்தியாசத்தால் வெளிச்சம் சிதறுகிறது. ஒரு மில்லிமீட்டர் சுவரில் இப்படிப் பத்துக்கணக்கான ஓரங்கள் குறுக்கே வரும். நுழைந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

அதே குழாய்களில் தண்ணீர் நிரம்பியிருந்தால் கதை மாறும். தண்ணீரின் எண் 1.33, ஆளிவிதை எண்ணெயுடையது 1.48. மரப்பொருளுக்கு நெருங்க நெருங்கச் சிதறல் குறைகிறது, வெளிச்சம் உள்ளே போகிறது. வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரிவது இதே காரணத்தால்தான்.

ஆக, பச்சை மரம் கடையும்போதே ஒளிரும். காய்ந்த மரம் கடையும்போது அவ்வளவாக ஒளிராது, எண்ணெய் குடித்த பிறகுதான் ஒளிரும். நிறத்துக்கும் காரணம் உண்டு. மரத்தில் இருக்கும் லிக்னின் நீல வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்பையும் மஞ்சளையும் விட்டுவிடுகிறது. சுவர் தடித்திருந்தால் அடர் சிவப்பு, மெலிய மெலிய ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். கடைபவருக்குக் கையில் கிடைக்கும் அளவுகோலே இந்த நிற மாற்றம்தான்.

எந்த மரம்

கென்ட் கடைந்தது நார்ஃபோக் தீவுப் பைன். பெயரில் பைன் இருந்தாலும் அது பைன் குடும்பம் இல்லை, அராவ்காரியா. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவில் இருக்கும் குட்டித் தீவுதான் சொந்த ஊர். அந்தத் தீவின் கொடியிலேயே இந்த மரம் இருக்கிறது. நம் ஊர் நர்சரிகளில் தொட்டியில் வைத்து ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று விற்கிறார்களே, அது இந்த இனம்தான் அல்லது இதன் நெருங்கிய உறவு. 1774-இல் கேப்டன் குக் அந்தத் தீவுக்குப் போனபோது, நெடுநெடுவென்று நிற்கும் தண்டுகளைப் பார்த்துக் கப்பல் பாய்மரத்துக்கு ஆகும் என்று எண்ணினார். பின்னால் முயன்று பார்த்ததில் அதற்குப் போதிய வலுவில்லை என்று தெரிந்தது.

பாய்மரத்துக்கு உதவாத அந்தத் தண்டில் கிண்ணம் கடைபவருக்கு வேண்டியது இருக்கிறது. இந்த மரத்தில் கிளைகள் அடுக்கடுக்காக, ஒவ்வொரு மட்டத்திலும் வட்டமாகச் சுற்றி முளைக்கும். தண்டை அந்த மட்டத்தில் அறுத்துக் கடைந்தால் கிண்ணத்தைச் சுற்றிலும் கணுக்கள் நட்சத்திரம் போல அமையும். கணுவில் பிசின் அதிகம், அதனால் அது சிவப்பாக ஒளிரும். சுற்றியிருக்கும் மரமோ வெளுத்தது. வளர்ச்சி வளையங்களும் எடுப்பாகத் தெரியாது, ஒரே சீராக இருக்கும். ஹவாயின் ஈரக்காற்றில் வெட்டிய கட்டைகளைச் சில காலம் போட்டு வைத்தால் பூஞ்சை ஏறி நீலமும் சாம்பலுமாகக் கோடுகள் விழும். கடைபவர்கள் அதை விரும்பியே வரவழைக்கிறார்கள்.

கட்டை தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நார்ஃபோக் பைன் என்று சொல்லப்படும் மரங்களில் நிறைய உண்மையில் அதன் உறவான குக் பைன். ஹவாயின் லானாய் தீவில் வரிசையாக நிற்பவை அவைதான். நம் மலை ஊர்களிலும் இந்த மரம் உண்டு. குக் பைன் பூமத்திய ரேகை இருக்கும் பக்கமாகச் சாய்ந்து வளரும் என்பது 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பார்க்க வேடிக்கைதான். ஆனால் ஊசியிலை மரம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்தின் அடியில் அடர்த்தியான, இறுகிய மரம் உருவாகும். அது காயும்போது மற்ற மரம் சுருங்காத திசையில், நீளவாக்கில் சுருங்கும். இரண்டு மில்லிமீட்டர் சுவரில் அந்த இழுப்பு அப்படியே தெரியும். மரத்தின் பெயரைவிடத் தண்டு நேராக நின்றதா என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அறுத்த முகத்தில் நடுத்தண்டு வட்டத்தின் மையத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அந்தக் கட்டையை விட்டுவிடலாம்.

இதற்கு நேர் எதிரான தேர்வு ஆஸ்பன். வட அமெரிக்காவின் தீக்குச்சி மரம். கணு அலங்காரம் கிடையாது, ரேகையும் மங்கல். விளக்குக்கு முன்னால் வைத்தால் சுவர் முழுக்க ஒரே இதமான மஞ்சள். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த பீட்டர் பிளாக் ஆஸ்பன் கட்டையை ஈரத்தோடு கடைந்து விளக்குக் கூடுகள் செய்வதில் பெயர் பெற்றவர். விளக்குக்கு அது பொருத்தமான மரம். அலங்காரக் கிண்ணமாக மேசையில் வைத்து, விளக்கு இல்லாத நேரத்திலும் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்பன் கொஞ்சம் வெறுமையாகத் தோன்றும். அங்கே பைன்தான் ஜெயிக்கும்.

மேப்பிள், பர்ச், ஹாலி எல்லாம் நடுவில் வரும். நுண்துளைகள் சீராகப் பரவிய மரங்கள் இவை, அதனால் ஒளியும் சீராக வரும். ஹாலி மிக வெண்மை, ஆனால் பெரிய கட்டையாகக் கிடைப்பது அரிது. ஆஷ், ஓக் போன்றவற்றில் வருடத்தின் முதல் வளர்ச்சியில் பெரிய துளைகள், பின் வளர்ச்சியில் அடர்ந்த நார் என்று மாறி மாறி வருவதால் ஒளி பட்டை பட்டையாக வரும். வால்நட், ஈட்டி, கருங்காலி போன்ற வைரம் பாய்ந்த கரிய மரங்களை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். எவ்வளவு மெலிதாக்கினாலும் இருட்டாகவே இருக்கும்.

பச்சை மரமா, காய்ந்த மரமா

பச்சைக் கட்டையைக் கடைவது எப்படி நடக்கும் என்று முதலில் பார்ப்போம். வெளிப்புற வடிவத்தை முழுதாக முடித்து, சுத்தமான கடைசி வெட்டும் போட்டுவிட்டு, கட்டையைத் திருப்பி அடிப்பக்கத்து முளையைச் சக்கில், அதாவது லேத்தில் கட்டையைக் கவ்விச் சுழற்றும் பிடியில், பிடிக்கிறோம். உள்ளே குடையத் தொடங்கும்போது நடுவில் இருக்கும் மரத்தை எடுத்துவிடாமல் அப்படியே விடுகிறோம். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் சுவரை இறுதித் தடிமனுக்குக் கொண்டுவருகிறோம். அந்தப் பகுதி முடிந்தால் முடிந்ததுதான். திரும்ப அங்கே உளி போகக் கூடாது. அடுத்த இரண்டு சென்டிமீட்டர், அதற்கடுத்தது என்று படிப்படியாக இறங்குகிறோம். கீழே இன்னும் எடுக்காமல் இருக்கும் கனமான மரம்தான் மேலே மெல்லிய சுவரை ஆடாமல் தாங்குகிறது.

இப்போது அறையை அரை இருட்டாக்கி, கிண்ணத்தின் வெளிப்பக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு எல்இடி விளக்கை நிறுத்துகிறோம். நாம் உள்பக்கம் பார்த்துக் கடைகிறோம். முதலில் ஒன்றும் தெரியாது. நாலைந்து மில்லிமீட்டரை நெருங்கும்போது உளியின் முனைக்கு அருகில் அடர் சிவப்பாக ஒரு பட்டை தோன்றும். இன்னொரு இழுப்பில் அது ஆரஞ்சாகும். அதே நேரத்தில் சத்தமும் மாறும். கனமான மரத்தில் வந்த மந்தமான உரசல், மெலியும்போது மேல் ஸ்தாயிக்கு ஏறும். சீவல் நீளமான ஈரச் சுருளாக வந்து முழங்கை வரை தண்ணீர் தெறிக்கும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதைக் கட்டைக்குக் கட்டை நாமே முடிவு செய்துகொள்கிறோம். முதல் இரண்டு சென்டிமீட்டரில் எந்த நிறத்தைப் பிடித்தோமோ அதே நிறத்தைக் கீழே வரை கொண்டுபோவதுதான் வேலை.

இதில் நேரம் நம் பக்கம் இல்லை. மெல்லிய சுவர் சுழலும்போதே காற்றில் காய்கிறது. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். தடித்த கட்டைக்கு அந்த நிலை வர வாரங்கள் ஆகும், இரண்டு மில்லிமீட்டர் சுவருக்குச் சில நிமிடம் போதும். வட்டமாக இருந்த விளிம்பு நீள்வட்டமாகத் தொடங்கும், உளி ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாக வெட்டும். அதனால் பூவாளி மாதிரி தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். எழுந்து போக வேண்டிய கட்டாயம் வந்தால் கிண்ணத்தை, சக்கோடு சேர்த்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கமாகச் சுற்றிவிட்டுப் போகலாம். ஆனால் பாதி உள்சுவர் முடிந்த நிலையில் அதைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு அவசரத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? மரம் மென்மையாக வெட்டப்படுகிறது. தூசி கிடையாது. வளையக்கூடிய ஈர நார் என்பதால் சிறிய அதிர்ச்சியைத் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவர் எல்லா இடத்திலும் ஒரே மெலிசாக இருந்தால் காயும்போது வெடிக்காது. தடித்த பச்சை மரம் வெடிப்பதற்குக் காரணம், வெளிப்புறம் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் தங்கி அதைச் சுருங்கவிடாமல் பிடிப்பதுதான். இரண்டு மில்லிமீட்டரில் உள், வெளி என்ற பேதமே இல்லை. சுவர் முழுதும் ஒன்றாகச் சுருங்கி, கொஞ்சம் வளைந்து, நின்றுவிடும். கடைந்து எடுத்ததைச் சில நாட்கள் காற்று வேகமாக அடிக்காத இடத்தில் வைத்தால் போதும்.

அந்த வளைவை விரும்பிப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து யோஹானஸ் மிக்கெல்சன் ஒரே கட்டையில் தலையில் அணியும் தொப்பிகளையே கடைபவர். வெளிச்சத்தை வைத்துச் சுவரின் தடிமனைப் பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்துக்குக் கொண்டுவந்து, ஈரம் போவதற்குள் ரப்பர் பட்டைகளால் இழுத்துக் கட்டி, தொப்பியின் ஓரத்தைத் தலைக்கேற்ற நீள்வட்டமாக வளைத்து உலர்த்துவார். காய்ந்த கட்டையில் இது நடக்கவே நடக்காது.

சரி, காய்ந்த மரம். இதற்கு இரண்டு வழி. ஏற்கெனவே காயவைத்த கட்டையை வாங்கலாம். அல்லது பச்சைக் கட்டையை முரட்டுக் கடைசலாகக் கடைந்து, சுவர் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்படி விட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, கோணிப்போனதை மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கலாம். இரண்டாவது வழியில் கிண்ணம் இறுதியில் வட்டமாகவே நிற்கும். மூடி பொருந்த வேண்டிய டப்பா, முன்பே செய்துவைத்த உலோக வளையத்தில் உட்கார வேண்டிய விளக்குக் கூடு, ஜோடியாக ஒன்றுபோல இருக்க வேண்டிய கிண்ணங்கள், இவற்றுக்குக் காய்ந்த மரம்தான். வேலையை இன்று பாதி, நாளை பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். முடித்த கையோடு லேத்திலேயே உப்புத்தாள் போடலாம்.

இதன் சிக்கல், கடையும்போது மரம் நம்மிடம் எதையும் சொல்லாது என்பதுதான். மூன்று மில்லிமீட்டரிலும் அநேகமாக இருட்டு, இரண்டிலும் மங்கல். உலர்ந்த நார் வளையாமல் உடையும். உளி ஒருமுறை கடித்தால் பச்சைக் கிண்ணத்தில் ஒருவேளை ஒரு தழும்போடு போகலாம், காய்ந்த கிண்ணம் துண்டுகளாகப் பறக்கும். அதைத் தவிர, காயவைத்த மரத்தின் உள்ளேயும் இறுக்கம் பாக்கி இருக்கும். உள்மரத்தை எடுக்க எடுக்க அது விடுபட்டு, ‘வட்டம்’ என்று நம்பிய சுவர் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் காய்ந்த மரத்திலும் விளிம்பிலிருந்து படிப்படியாக இறங்கும் முறையே நல்லது. மழைக்காலத்தில் ஈரம் ஏறி, கோடையில் இறங்கி அது அசைவதையும் முழுக்கத் தடுக்க முடியாது. ‘காய்ந்த மரம் அசையாது’ என்று நம்பிப் பொருத்தமான மூடியை இறுக்கமாகக் கடைந்தால் ஒரு பருவம் மாறும்போது மூடி மாட்டிக்கொள்ளும்.

முதல் ஒளிக்கிண்ணம் கடையப் போகிறவர் பச்சை மரத்தில் தொடங்குவதே சரி. வட்டம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவரை இரண்டாவதும் மூன்றாவதும்கூட.

காலிப்பரா, வெளிச்சமா

இது பாதிக்கு மேல் முடிவாகிவிட்ட கேள்வி. காய்ந்த மரத்துக்குக் காலிப்பர் (சுவரை இருபுறமும் தொட்டுத் தடிமனை அளக்கும் கருவி), பச்சை மரத்துக்கு வெளிச்சம். ஆனால் வெளிச்சத்தை முழுக்க நம்புவதில் இரண்டு ஆபத்து உண்டு.

ஒன்று, வெளிச்சம் காட்டுவது தடிமனை மட்டும் இல்லை, தடிமனையும் ஈரத்தையும் சேர்த்து. சுவரின் ஒரு பகுதி காய்ந்துவிட்டால் அங்கே மங்கலாகத் தெரியும். இன்னும் தடிப்பாக இருக்கிறது என்று எண்ணி அங்கே மேலும் எடுத்தால் சுவர் ஓட்டையாகும். வளைவதைத் தடுப்பதோடு இதற்காகவும்தான் தெளித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். இரண்டாவது, கணு. அதே தடிமனில் கணு எப்போதும் சிவந்தே தெரியும். நார்ஃபோக் பைனில் கணுவின் நிறத்தைச் சுற்றியிருக்கும் மரத்தின் நிறத்தோடு ஒப்பிடக் கூடாது. இரண்டு கணுக்களுக்கு நடுவில் இருக்கும் சாதா மரத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

காலிப்பரின் குறை வேறு. லேத்தை நிறுத்தி, ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். தொட்ட இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு மேடோ பள்ளமோ இருந்தால் அது சொல்லாது. வெளிச்சத்தில் அந்த மேடு ஒரு கறுத்த வளையமாகச் சுழன்றுகொண்டே காட்டிக்கொடுக்கும். நாலைந்து மில்லிமீட்டர் வரை காலிப்பர், அதைவிட மெலியும்போது வெளிச்சம் என்று இரண்டையும் சேர்ப்பது நல்ல பழக்கம். அடிப்பாகத்தில் சக் இருப்பதால் வெளிச்சம் வராது. அங்கே ஒரு குச்சியை விளிம்பில் குறுக்கே வைத்து ஆழம் பார்ப்பதுதான் வழி.

விளக்கு எல்இடியாகவே இருக்கட்டும். பழைய குண்டு பல்பின் சூடு சுவரை இன்னும் வேகமாகக் காயவைக்கும். தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் பயமும் இல்லை. முகக்கவசம் இல்லாமல் மெல்லிய சுவர் வேலைக்கு நிற்கவே கூடாது. சுழலும் மெல்லிய விளிம்பு கத்தி மாதிரி வெட்டும். சுவர் அதிராமல் இருக்க இடக்கை விரல்களை வெளிப்புறம் லேசாகக் கொடுத்துத் தாங்குவார்கள். அந்த விரல் எந்தக் காரணத்துக்காகவும் விளிம்புக்கு வரக் கூடாது. கடைசி இழுப்புகளுக்கு அப்போதுதான் சாணை பிடித்த குழிவு உளி. அழுத்தினால் சுவர் விலகிப்போய், உளி தாண்டியதும் திரும்பி வரும், தடிமன் தாறுமாறாகும். மரத்தைச் சுரண்டியெடுக்கும் தட்டையான ஸ்க்ரேப்பரை மெலிந்த சுவர் பக்கம் கொண்டுபோவது, என்னைக் கேட்டால், தேவையில்லாத விஷப்பரீட்சை.

ரேகை எந்தப் பக்கம்

பொதுவாகக் கிண்ணங்களை ரேகை குறுக்கே ஓடும்படிதான் கடைவார்கள். பச்சை மரத்தில் அப்படிக் கடைந்தால் நீள்வட்டமாகும், ஏனென்றால் மரம் வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது ஆரவாக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, நீளவாக்கில் சுருங்குவதோ அநேகமாக இல்லை. அந்த நீள்வட்டத்துக்கு ஓர் அழகு உண்டு, தப்பில்லை.

நார்ஃபோக் பைனில் கணு நட்சத்திரம் வேண்டுமென்றால் தண்டை நிற்கும் வாக்கிலேயே லேத்தில் ஏற்ற வேண்டும், தண்டின் மையம் கிண்ணத்தின் மையமாக. சுற்றிலும் சுருக்கம் ஒன்றுபோல இருப்பதால் ஈரமாகக் கடைந்தும் கிண்ணம் கிட்டத்தட்ட வட்டமாகவே நிற்கும். இந்தக் காரணத்துக்காகவே இந்த மரத்தைப் பலருக்கும் சொல்கிறேன். ஆனால் மையத்தண்டு கிண்ணத்தின் அடியில் மாட்டிக்கொள்கிறது, விரிசல் வருவதானால் அங்கேதான் வரும். அடியைத் தடியாக விடாமல் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, நடுப்புள்ளியில் ஃபெவிக்விக் மாதிரியான நீர்த்த பசையை ஊறவிடுவது வழக்கம். கிண்ணம் கனமாக இருக்கட்டும் என்று அடியைத் தடிமனாக விடுபவர்கள்தான் விரிசலைச் சந்திக்கிறார்கள்.

எண்ணெயா, மேல்பூச்சா

கிண்ணம் காய்ந்துவிட்டது. ஈரத்தில் இருந்த ஒளியில் பெரும்பகுதி போய்விட்டது. குழாய்களில் இப்போது மறுபடி காற்று. முதல் முறை செய்கிறவர்கள் மனம் தளரும் கட்டம் இது. தளர வேண்டாம், அந்தக் காற்றை வெளியேற்றுவது நம் கையில் இருக்கிறது.

அதற்கு முன் உப்புத்தாள். பச்சையாக இருக்கும்போது சாதா உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு போடலாம். காய்ந்த பிறகென்றால், நீள்வட்டமாகிவிட்ட கிண்ணத்தைக் கையால்தான் தேய்க்க வேண்டும். எதுவானாலும் சூடு ஏறவிடக் கூடாது, மெல்லிய சுவரில் சூடு நேராக விரிசலாக மாறும்.

கென்ட் தன் கிண்ணங்களை எண்ணெயில் ஊறவைத்து, உலரவிட்டு, தேய்த்து, மறுபடி ஊறவைத்து என்று பலமுறை செய்தார். கடைவதற்கு ஒரு நாள் போதும் என்றால் இந்த வேலை வாரங்களைத் தாண்டும். ஒளி அவர் கிண்ணங்களில் அவ்வளவு ஆழமாக வருவதற்குப் பாதிக் காரணம் உளி என்றால் மீதிப் பாதி இந்தப் பொறுமை. ஆளிவிதை, டங் போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளேயே இறுகிக் குழாய்களை நிரப்பிவிடுகின்றன. ஒரே தடவையில் நிறைய ஊற்றிவிட்டால் வெளியே இறுகி உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும், அதனால்தான் தவணை தவணையாக. மினரல் ஆயில் உடனே ஒளி தரும், ஆனால் இறுகவே இறுகாது. வைத்த இடத்தில் கறை படியும். காட்சிக்கு ஒரு மாலை வைக்கப் போதும், வீட்டில் வைக்க ஆகாது.

லாக்கர், பாலியூரித்தேன் போன்ற மேல்பூச்சுகள் தோலாக மேலேயே நிற்கும். உள்ளே காற்று அப்படியே இருக்கும், ஒளியும் அதற்கேற்ற மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் மரத்தின் வெண்மை காப்பாற்றப்படும். ஆளிவிதை எண்ணெய் வருடங்கள் போகப்போக மஞ்சளாகும். பைனில் அது அழகைக் கூட்டும், ஹாலியில் கெடுத்துவிடும். ஹாலி, ஆஸ்பன் என்றால் தண்ணீரில் கலக்கும் வெளிறிய பூச்சு. பைன், பர்ச் என்றால் எண்ணெய் என்பது என் பிரிவு. எண்ணெயும் வார்னிஷும் நீர்க்கக் கலந்த டேனிஷ் ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அவசரக்காரர்களுக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. உலரும்போது வரும் சூடு சுருட்டிய துணிக்குள் சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் முக்கி, பிறகுதான் குப்பைக்கு.

வேறு ஒரு பாதை

ஒளியை மரத்தின் வழியாக விடாமல், மரத்தில் இடைவெளி உண்டாக்கி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரான்ஸின் பாஸ்கல் ஊதே ஓக் மரத்தை மிக மெலிதாகக் கடைந்து, மணல் பீய்ச்சி அடித்து, வளையங்களில் இருக்கும் மென்மையான பகுதியை மட்டும் அரித்தெடுக்கிறார். அடர்ந்த பகுதி லேஸ் துணி மாதிரிக் கோடு கோடாக நிற்கிறது. மேலே வேண்டாம் என்று ஒதுக்கிய ஓக் இங்கே ராஜா, ஏனென்றால் வளையத்துக்குள் மென்மையும் கடினமும் மாறி மாறி இருப்பதுதான் இந்த முறைக்கு வேண்டும். வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின் ஃபோ மெல்லிய சுவரில் நுண்ணிய துளையிட்டு வண்ணம் தீட்டினார். இவை தனிக் கலைகள். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரே சீரான மெல்லிய சுவர். அது கைவந்த பிறகு யோசிக்க வேண்டியவை இவை.

யாருக்கு எது

லேத்தில் கிண்ணம் கடைந்து பழகியவர், பச்சைக் கட்டை கிடைக்கும் இடத்தில் இருப்பவர் என்றால்: நேராக நின்ற அராவ்காரியா தண்டு, கணு மட்டத்தில் அறுத்தது, இருபது சென்டிமீட்டருக்கு மிகாத விட்டம், நிற்கும் வாக்கில் ஏற்றி, ஈரத்தோடு, வெளிச்சம் வைத்து, ஒரே அமர்வில். புயலில் சாய்ந்த தோட்டத்து மரம் ஏதாவது அறுபடுகிறது என்று தெரிந்தால் இரண்டு கட்டை கேட்டு வாங்கி, அறுத்த முகங்களில் மெழுகு தடவி வைத்துக்கொள்ளலாம். வடிவம் திறந்த கிண்ணமாகவே இருக்கட்டும். வாய் குறுகிய கலயம் கடைய வளைந்த உளிகள் வேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. டேவிட் எல்ஸ்வொர்த் போன்றவர்கள் 1970-களிலிருந்து அதில் செய்து காட்டியது பெரிய விஷயம், ஆனால் தொடக்கத்துக்கு அது வேண்டாம்.

ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் பட்டறையில் நிற்க முடியும் என்பவர், அல்லது மூடி போட்ட டப்பா வேண்டும் என்பவர், காய்ந்த மேப்பிளையோ பர்ச்சையோ எடுக்கலாம். சுவரை ஒன்றரை மில்லிமீட்டர் வரை காலிப்பரால் இறக்கி, நடுநடுவே தண்ணீர் தொட்டுத் தடவி வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். நனைந்த இடம் சில நொடிகள் ஒளிர்ந்து எண்ணெய் போட்ட பிறகு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடும்.

விளக்குக் கூடுதான் நோக்கம் என்றால் ஆஸ்பன் அல்லது அதன் உறவான பாப்லர், ஈரத்தோடு கடைந்து, விளக்கைத் தாங்கும் உலோகச் சட்டத்தைக் கூடு காய்ந்த பிறகு அதன் வடிவத்துக்கு ஏற்பச் செய்துகொள்ள வேண்டும். சட்டத்தை முதலில் செய்துவிட்டு அதற்குள் பச்சைக் கூட்டைப் பொருத்தப் பார்த்தால் பொருந்தாது. உள்ளே வைக்கும் பல்பும் சூடாகாத எல்இடியாக, மரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும்.